பிறவி இதயக் குறை ஏன் வருகிறது? டர்பன் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குழந்தைகள் வார்டில் நர்ஸாகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க் பக்கமிருந்து வரும் பாட்டிமாரும், தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ புதிதாக இங்கே குடிவந்த இளம் தம்பதிகளும் தமிழில் கேட்ட கேள்விகள்தான் இவை. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் ஆயிரம் பக்கம் கிடைக்கும், ஆனால் வீட்டில் முடிவெடுக்கிற ஆயாவுக்கும் அம்மாவுக்கும் தமிழில் சொன்னால்தான் மனதில் இறங்குகிறது. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தவோ மாற்றவோ செய்யாதீர்கள். கேள்வியை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

பிறவி இதயக் குறை என்றால் "இதயத்தில் ஓட்டை" தானே?

ஓட்டை அதில் ஒரு வகை, அதுவும் அதிகம் காணப்படுகிற வகை. கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஓட்டை, மேலறைகளுக்கு நடுவே ஓட்டை, வால்வு குறுகிப்போனது, பெரிய ரத்தக்குழாய் ஒரு இடத்தில் நெரிந்துபோனது, இரண்டு பெரிய குழாய்கள் இடம் மாறி முளைத்தது, பிறந்ததும் மூட வேண்டிய குழாய் மூடாமல் நின்றது, பல குறைகள் ஒன்றாகச் சேர்ந்து குழந்தை நீலம் பாய்வது என்று பட்டியல் நீளும். உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 8 பேருக்கு இதில் ஏதாவது ஒன்று இருக்கிறது. சுருக்கமாக நூற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். பிறவிக் குறைகளிலேயே அதிகமாக வருவது இதுதான், ஆனால் நம் ஆட்கள் இதை வெளியே பேசுவதில்லை, அதனால் ஒவ்வொரு வீடும் தங்களுக்கு மட்டும்தான் இப்படி ஆயிற்று என்று நினைத்துக்கொள்கிறது. இதில் பாதிக்கு மேல் சின்னக் குறைகள். சில ஓட்டைகள் தானாகவே மூடிக்கொள்ளும்.

எங்கள் குழந்தைக்கு ஏன் வந்தது?

பெரும்பாலான குழந்தைகளின் விஷயத்தில் "இதனால்தான்" என்று விரல் நீட்டிக் காட்ட ஒரு காரணம் கிடைப்பதில்லை. டாக்டர் மழுப்புகிறார் என்று நினைக்காதீர்கள், மருத்துவம் இன்றைக்கு அந்த அளவில்தான் நிற்கிறது. ஒரு பகுதிக் குழந்தைகளுக்குக் குரோமோசோம் அல்லது மரபணுவில் தெளிவான மாற்றம் இருக்கும். இன்னொரு சின்னப் பகுதிக்கு, தாயின் சர்க்கரை, ஒரு மருந்து, ஒரு தொற்று என்று வெளியிலிருந்து வந்த காரணம் தெரியும். மிச்சம் இருக்கும் பெரும்பகுதியில் பல சின்னச் சின்ன மரபணு வேறுபாடுகளும் சூழலும் சேர்ந்து, கொஞ்சம் தற்செயலும் சேர்ந்து, அப்படி அமைந்துவிடுகிறது.

இதை ஏன் முதலிலேயே அழுத்திச் சொல்கிறேன் என்றால், வார்டில் குழந்தையைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் தாயிடம் "நீ என்ன சாப்பிட்டாய், எங்கே போனாய்" என்று ஆரம்பிப்பார். அந்தக் கேள்வி யாருக்கும் எந்த உதவியும் செய்வதில்லை.

இதயம் எப்போது உருவாகிறது? அது ஏன் முக்கியம்?

கரு உருவாகி மூன்றாவது வாரம் முடிகிறபோதே இதயம் ஒரு எளிய குழாயாகத் துடிக்க ஆரம்பித்துவிடுகிறது. அப்புறம் அந்தக் குழாய் ஒரு பக்கமாக வளைந்து, மடிந்து, உள்ளே சுவர்கள் எழும்பி, நான்கு அறைகளாகப் பிரிந்து, வால்வுகள் அமைந்து, எட்டாவது வாரத்துக்குள் கிட்டத்தட்ட முழு வடிவமும் வந்துவிடும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள் தள்ளிப்போனது தெரிந்து, வீட்டில் சொல்லி, "மூன்று மாதம் ஆகட்டும், யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்று மாமியார் சொல்லி, அதற்கப்புறம் கிளினிக்கில் பெயர் பதிவதற்குள் இதயம் முழுசாக உருவாகி முடிந்திருக்கும். ஐந்தாம் மாதம் என்ன சாப்பிட்டாய், ஏழாம் மாதம் எந்தச் சாவு வீட்டுக்குப் போனாய் என்று தோண்டுவதில் அர்த்தமே இல்லை. குழந்தைக்கு ஆசைப்படுகிறவர்கள் சர்க்கரை, மருந்து, தடுப்பூசி எல்லாவற்றையும் கர்ப்பத்துக்கு முன்பே பார்க்க வேண்டும் என்று சொல்வதும் இதனால்தான்.

கிரகணத்தில் வெளியே போனது, பயந்தது, அன்னாசி சாப்பிட்டது, கண்ணேறு...?

இல்லை. இல்லை. இல்லை. கண்ணேறுக்கு மிளகாய் சுற்றிப் போட்டால் மனம் லேசாகும் என்றால் சுற்றிப் போடுங்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இதயக் குறைக்கு அது காரணம் இல்லை. க்ளுக்ளூவே பக்கத்து அன்னாசியை இந்த மாநிலத்துக் கர்ப்பிணிகள் காலகாலமாகச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். சாப்பாட்டில் இனிப்பு அளவு பார்க்க வேண்டியவர்கள் பார்த்துக்கொண்டால் சரி.

தாய்க்குச் சர்க்கரை இருந்தால்?

இங்கேதான் நான் நின்று பேச வேண்டும். நம் கையால் மாற்றக்கூடிய காரணங்களில், நம் சமூகத்துக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது இது. தென்னாப்பிரிக்க இந்தியர்களிடையே சர்க்கரை நோய் மிக அதிகம், அதுவும் சின்ன வயதிலேயே வருகிறது. 45 வயதில் வரும் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது 28 வயதில், 30 வயதில், அதாவது பிள்ளை பெறும் வயதிலேயே வந்து நிற்கிறது. பாதிப் பேருக்கு வந்தது தெரிவதே இல்லை, ஏனென்றால் ஆரம்பத்தில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை, கொஞ்சம் சோர்வு, கொஞ்சம் தாகம், அவ்வளவுதான்.

கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை நோய் இருந்தால், குழந்தைக்கு இதயக் குறை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று நான்கு மடங்கு. இதயம் உருவாகும் அந்த வாரங்களில் தாயின் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு உயரமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு ஆபத்தும் ஏறும். முதல் வகைச் சர்க்கரையோ இரண்டாம் வகையோ, இரண்டுக்கும் இது பொருந்தும். மடங்குக் கணக்கைக் கேட்டுப் பதற வேண்டாம்: நூற்றுக்கு ஒன்று என்பது நூற்றுக்கு மூன்று நான்காகிறது, அதாவது சர்க்கரை உள்ள தாய்மாரின் குழந்தைகளிலும் பெரும்பாலோர் இதயத்தில் எந்தக் குறையும் இல்லாமல்தான் பிறக்கிறார்கள்.

நல்ல செய்தி என்னவென்றால் இதை இறக்க முடியும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை, கர்ப்பத்துக்கு முன் 6.5 சதவீதத்துக்குக் கீழே வந்தால் மிகவும் நல்லது. 10-ஐத் தாண்டி இருந்தால், அது இறங்கும்வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். "கல்யாணமாகி ஆறு மாசமாச்சு, இன்னும் விசேஷம் இல்லையா" என்று கேட்கிற அத்தைமார் இந்த எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்கலாம். இன்சுலின் குழந்தையின் இதயத்தைக் கெடுக்காது, அதைத் தைரியமாகப் போட்டுக்கொள்ளலாம். இன்சுலினுக்குப் பயந்து ஊசியை விட்டுவிட்டு, ரத்தச் சர்க்கரையை 15 மில்லிமோலுக்கு ஏறவிடுவதுதான் கெடுக்கும்.

கர்ப்பத்தின்போது மட்டும் வந்த சர்க்கரையும் இப்படிச் செய்யுமா?

பொதுவாக அது 24 வாரத்தையொட்டி வெளிப்படுவது, அதற்குள் இதயத்தின் வடிவம் முடிந்துவிட்டிருக்கும். அதனால் ஓட்டை, குழாய் இடமாற்றம் மாதிரியான குறைகளுக்கும் அதற்கும் தொடர்பு மிகவும் குறைவு. ஆனால் கட்டுப்பாடில்லாமல் போனால் குழந்தை பெரிதாக வளரும், இதயத் தசை தடித்துப்போகும் (இது பெரும்பாலும் பிறந்த சில மாதங்களில் தானாகச் சரியாகிவிடும்). இன்னொன்றையும் கவனியுங்கள். "கர்ப்பச் சர்க்கரை" என்று சொல்லப்படுவதில் சில, உண்மையில் ஏற்கெனவே இருந்து யாரும் கண்டுபிடிக்காத இரண்டாம் வகைச் சர்க்கரை. போன பிரசவத்தில் வந்திருந்தால் அடுத்த குழந்தைக்கு முன் கட்டாயம் ரத்தம் பாருங்கள்.

உடல் எடை?

அதிக எடையும் ஆபத்தை ஓரளவு ஏற்றுகிறது, சர்க்கரை அளவுக்கு இல்லை. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். பெரிய தட்டு நிறையச் சோறு, அதோடு உருளைக்கிழங்குக் கறி, மேலே இரண்டு லிட்டர் கூல்டிரிங்க் என்ற ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்தைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதினால் என் சொந்த வீட்டிலேயே சண்டை வரும்.

மாமன் மகள், அத்தை மகன் கல்யாணத்தால் வருமா?

வாய்ப்பு கூடுகிறது, ஆனால் நிச்சயமாக வரும் என்று அர்த்தமில்லை. எல்லாத் தம்பதிகளுக்கும் ஏதாவது ஒரு பெரிய பிறவிக் குறையோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 2 முதல் 3. நேரடி முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்றால் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. இதயக் குறையும் அதில் ஒன்று. காரணம் எளிது: நம் ஒவ்வொருவரிடமும் வேலை செய்யாத சில மரபணுக்கள் ஒளிந்திருக்கும், ஜோடியில் மற்றது நன்றாக இருப்பதால் நமக்கு ஒன்றும் தெரியாது. ஒரே தாத்தா பாட்டியிலிருந்து வந்த இருவர் மணந்தால், அதே பழுதான பிரதி இரண்டு பக்கமும் இருந்து குழந்தைக்கு இரண்டும் சேர்ந்து போய்விடலாம்.

கரும்புத் தோட்டக் காலத்தில், 1860-க்குப் பின் கப்பலில் வந்த நம் முன்னோர்கள் நடுவே சொந்தத்தில் கொடுத்து வாங்குவது சகஜம். இன்று இங்கே பிறந்த பிள்ளைகளிடம் அது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஊரிலிருந்து புதிதாக வருபவர்களில் இன்னும் பார்க்கிறோம். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டியதில்லை. கல்யாணம் ஆகிவிட்டது, அதை இனி என்ன செய்வது? முதல் வருகையிலேயே "நாங்கள் சொந்தம்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள், குடும்பத்தில் யாருக்காவது இதயக் குறை, சின்ன வயதில் இறந்த குழந்தை உண்டா என்று இரண்டு பக்கமும் விசாரித்து வையுங்கள். ஐந்தாம் மாதம் குழந்தையின் இதயத்தைத் தனியாக ஸ்கேன் பார்க்க அதுவே போதுமான காரணம்.

டவுன் சிண்ட்ரோமுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கும். மேலறைச் சுவரும் கீழறைச் சுவரும் வால்வுகளும் சந்திக்கும் நடு இடமே உருவாகாமல் போவது அவர்களிடம் அதிகம் காணப்படும் வகை. 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால் வருவது இது. தாயின் வயது ஏற ஏற வாய்ப்பும் ஏறும்: 20-களில் ஆயிரத்துக்கு ஒன்றைவிடக் குறைவு, 35 வயதில் ஏறக்குறைய 350-க்கு ஒன்று, 40 வயதில் நூற்றுக்கு ஒன்று.

வேறு சிலவும் உண்டு. 22-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு காணாமல் போனால் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாய்களில் பெரும்பாலும் குறை வரும், கூடவே அண்ணப் பிளவு, கால்சியம் குறைவு என்று வரலாம். டர்னர் சிண்ட்ரோம் உள்ள பெண் குழந்தைகளுக்கு மகாதமனி நெரிந்திருக்கலாம். நூனன் சிண்ட்ரோமில் நுரையீரலுக்குப் போகும் வால்வு குறுகியிருக்கலாம். குழந்தைக்கு இதயக் குறையோடு முகஜாடையிலோ வளர்ச்சியிலோ வேறு வித்தியாசமும் இருந்தால் மரபணுப் பரிசோதனை கேட்பது நல்லது. இனி எதையெதைக் கவனிக்க வேண்டும், அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு எவ்வளவு என்று அதில் தெரியும்.

அப்பா பக்கத்துக்குப் பொறுப்பே கிடையாதா?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, அதனால் நானே போட்டுக்கொள்கிறேன். உண்டு. அப்பாவுக்கே பிறவி இதயக் குறை இருந்தால் குழந்தைக்கு வாய்ப்பு கூடும். குழந்தையின் மரபணுவில் பாதி அவருடையது. அப்பாவின் வயது ஏறும்போது விந்தணுவில் புதிய மாற்றங்கள் கொஞ்சம் கூடுகின்றன, நூனன் போன்ற சில நிலைகளுக்கு அது ஒரு வழி. வீட்டுக்குள் அவர் ஊதும் சிகரெட் புகையும் கர்ப்பிணியின் நுரையீரலுக்குத்தான் போகிறது. "உங்கள் வம்சத்தில்தான் இருந்திருக்கும்" என்று பெண் வீட்டாரைப் பார்த்துச் சொல்கிற மாமியாருக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

எந்த மருந்துகள் ஆபத்து?

சிலவற்றைப் பெயர் சொல்லியே எழுதுகிறேன். வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் (இங்கே எபிலிம் என்று பலருக்குத் தெரியும்) முதுகுத்தண்டு, இதயம், மூளை வளர்ச்சி என்று பலதையும் பாதிக்கக்கூடியது. பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெடினோயின், அதாவது ரோஅக்யூட்டேன் வகை, மிக மோசமானது, அதைச் சாப்பிடும்போது கர்ப்பமே ஆகக் கூடாது. மனநலத்துக்குக் கொடுக்கும் லித்தியம் இதயத்தின் வலப்பக்க வால்வில் குறையை உண்டாக்கலாம், ஆனால் முன்பு பயந்த அளவுக்கு இல்லை என்று இப்போது தெரிகிறது. செயற்கை வால்வு வைத்தவர்கள் சாப்பிடும் வார்ஃபரினும் கருவைப் பாதிக்கும். ரத்த அழுத்தத்துக்கு நம் கிளினிக்குகளில் தாராளமாகக் கொடுக்கும் எனலாப்ரில் கர்ப்பத்தில் கூடாது. அதற்குப் பதில் மெத்தில்டோப்பா, நிஃபெடிபின் போன்ற பாதுகாப்பான மருந்துகள் உண்டு.

ஆனால் யாரும் பயந்துபோய் மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தி, வலிப்பு வந்து விழுந்தால் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். எச்ஐவி மருந்தும் அப்படித்தான், ஒரு நாள்கூட விடக் கூடாது. "குழந்தைக்கு முயற்சி செய்கிறோம், இந்த மாத்திரை சரியா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், மாற்ற வேண்டியதை அவர்கள் மாற்றித் தருவார்கள்.

நாட்டு மருந்தும் மருந்துதான். நம் வீட்டுக் கஷாயமோ, பக்கத்து வீட்டு ஜூலு அம்மா அன்போடு கொண்டுவந்து கொடுக்கும், கர்ப்பிணிகளுக்கான இசிஹ்லாம்பேஸோ என்ற மூலிகை மருந்தோ, உள்ளே என்ன எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் குடிப்பதைவிட அவருக்கு நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் விடுவது மேல்.

மது, சிகரெட், போதை?

மது கருவின் மூளையைத்தான் முதலில் கெடுக்கும், இதயச் சுவரில் ஓட்டையும் உண்டாக்கலாம். தாயின் மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் நம் நாட்டின் மேற்கு கேப் பகுதியும் ஒன்று. அது திராட்சைத் தோட்டத்துக் கதை, நமக்கு என்ன என்று டர்பனில் சொல்கிறார்கள். நம் கல்யாண வீடுகளின் கார் நிறுத்துமிடத்தில் என்ன ஓடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும், இப்போது பெண்களும் குடிக்கிறார்கள், அதை ஒழுக்கப் பிரச்சினையாக்கித் திட்டினால் மறைத்துத்தான் குடிப்பார்கள். "இவ்வளவு குடித்தால் பரவாயில்லை" என்று நிரூபிக்கப்பட்ட அளவு கிடையாது. தெரியாமல் ஒரு நாள் குடித்துவிட்டு அப்புறம் கர்ப்பம் தெரிந்தால், அன்றோடு நிறுத்துங்கள், அதற்காக மாதக்கணக்கில் அழ வேண்டாம்.

சிகரெட் சில வகை ஓட்டைகளுக்கான வாய்ப்பைக் கொஞ்சம் ஏற்றுகிறது. சாட்ஸ்வர்த் பக்கம் ஓடும் சுகர்ஸ் என்ற ஹெராயின் கலவைக்கு அடிமையான பெண் கர்ப்பமானால் அவளைத் தனியாகத் திடீரென நிறுத்தச் சொல்லாதீர்கள், கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். அங்கே மருந்து கொடுத்துப் படிப்படியாகக் கொண்டுவர வழி உண்டு.

ருபெல்லா என்கிறார்களே, அது என்ன?

லேசான காய்ச்சல், இளஞ்சிவப்புத் தடிப்பு, காதுக்குப் பின்னால் நெறி கட்டுவது, மூன்று நாளில் போய்விடும். குழந்தைகளுக்கு ஒன்றுமே இல்லாத நோய். கர்ப்பத்தின் முதல் 12 வாரத்தில் தாய்க்கு வந்தால் மட்டும் கதை வேறு: பத்தில் ஒன்பது கருக்கள்வரை பாதிக்கப்படலாம். கண்ணில் புரை, காது கேளாமை, மூடாத ரத்தக்குழாய் அல்லது நுரையீரல் குழாய்ச் சுருக்கம் என்று சேர்ந்து வரும். 1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், தன்னிடம் வந்த கண்புரைக் குழந்தைகளின் தாய்மாரில் பெரும்பாலோருக்குக் கர்ப்பத்தின் ஆரம்பத்தில் இந்த அம்மை வந்திருந்ததைக் கவனித்துச் சொன்னார். அந்தக் குழந்தைகளில் பலருக்கு இதயமும் பழுது. தாய்க்கு வரும் தொற்று பிறவிக் குறையை உண்டாக்கும் என்று உலகம் ஒப்புக்கொள்ள ஆரம்பித்தது அதிலிருந்துதான்.

தென்னாப்பிரிக்காவில் ருபெல்லா தடுப்பூசி பல வருடங்கள் தனியாரிடம் காசு கொடுத்தால் மட்டும் கிடைத்தது, அரசின் குழந்தைகள் அட்டவணையில் அண்மையில்தான் சேர்ந்தது. அதனால் இன்று பிள்ளை பெறும் வயதிலிருக்கும் பல பெண்கள் அரசு கிளினிக்கில் அந்த ஊசி போடாமலே வளர்ந்தவர்கள். ரத்தத்தில் எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம், இல்லையென்றால் கர்ப்பத்துக்கு முன்பே போட்டுக்கொண்டு ஒரு மாதம் பொறுக்க வேண்டும். கர்ப்பத்தின்போது போடக் கூடாது. அம்மை என்றாலே மாரியம்மன் என்று கும்பிடுகிற ஆட்கள் நாம். அம்மனுக்குக் கூழும் ஊற்றுங்கள், ஊசியையும் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று மாதத்தில் வேறு காரணத்தால் கடும் காய்ச்சல் வந்தாலும் சும்மா விடாமல் இறக்குங்கள், பாராசிட்டமால் சாப்பிடலாம்.

காவடி விரதம், தீமிதி?

விரதத்துக்கும் இதயக் குறைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. சைவச் சாப்பாட்டால் கேடு இல்லை. ஆனால் சர்க்கரைக்கு ஊசி போடுகிற கர்ப்பிணி பட்டினி கிடக்கக் கூடாது, சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கி மயங்கி விழுவார். தைப்பூசம் இங்கே கொளுத்தும் ஜனவரி, பிப்ரவரியில் வருகிறது. தண்ணீர் குடிக்காமல் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடப்பது எந்தக் கர்ப்பிணிக்கும் நல்லதில்லை. நேர்ந்துகொண்டிருந்தால் கணவர் எடுக்கட்டும். முருகன் கணக்கில் ஏற்றுக்கொள்வார்.

மெர்பேங்க் புகைதான் காரணமா?

தெற்கு டர்பனில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நடுவே வாழ்ந்தவர்கள் கேட்பது நியாயம். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா அதிகம் என்று ஆய்வில் தெரிந்தது. காற்று மாசுக்கும் பிறவி இதயக் குறைக்கும் தொடர்பு உண்டா என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள், சிலதில் லேசான தொடர்பு, சிலதில் ஒன்றுமில்லை. ஒரு குறிப்பிட்ட குழந்தையைக் காட்டி "இது புகையால்" என்று யாராலும் சொல்ல முடியாது. நல்ல காற்று கேட்டுப் போராட ஆஸ்துமாவே போதுமான காரணம்.

ஃபோலிக் அமில மாத்திரை இதயத்துக்கும் உதவுமா?

முதுகுத்தண்டுக் குறைக்கு நிச்சயம் உதவும். 2003 அக்டோபரிலிருந்து தென்னாப்பிரிக்காவில் சோள மாவிலும் கோதுமை மாவிலும் ஃபோலிக் அமிலம் சேர்ப்பது சட்டம், அதற்குப் பிறகு முதுகுத்தண்டுக் குறைகள் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தன. இதயத்துக்கு அவ்வளவு உறுதியான சான்று இல்லை, ஆனால் மாவில் சேர்த்த பிறகு சில இதயக் குறைகள் கொஞ்சம் குறைந்ததாகக் கனடாவின் கணக்குகள் காட்டுகின்றன. நம் வீடுகளில் ஒரு சிக்கல்: அரிசியில் அதைச் சேர்ப்பதில்லை. காலையும் இரவும் பாப் (சோள மாவுக் களி), ரொட்டி சாப்பிடுகிற வீட்டுக்குப் போவது, மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிற வீட்டுக்குப் போகாது. கர்ப்பத்துக்கு முன்பே மாத்திரையாக எடுத்துக்கொள்ளுங்கள், விலை குறைவு, கெடுதல் இல்லை. சர்க்கரை, வலிப்பு மாத்திரை உள்ளவர்களுக்கு அளவு அதிகமாகத் தேவைப்படும், கேட்டு வாங்குங்கள்.

பிறந்தபோது நன்றாகத்தான் இருந்தது, ஆறாம் வார ஊசிக்குப் பிறகுதான் மூச்சு வாங்கியது. ஊசியால் வந்ததா?

கேட்காத வாரம் இல்லை. கருவிலிருக்கும்போதும் பிறந்த புதிதிலும் நுரையீரலில் அழுத்தம் அதிகம், அதனால் ஓட்டை இருந்தாலும் அதன் வழியே ரத்தம் பெரிதாகப் பாயாது, ஸ்டெதாஸ்கோப்பில் சத்தமும் கேட்காது. அழுத்தம் மெதுவாக இறங்கி, நான்கு ஆறு வாரம் ஆகும்போது ரத்தம் தவறான பக்கம் வேகமாகப் பாய ஆரம்பிக்கும். பால் குடிக்கும்போது வியர்வை, மூச்சு வாங்கல், எடை ஏறாமை எல்லாம் அப்போதுதான் தெரியும். நம் தடுப்பூசி அட்டையில் 6, 10, 14 வாரம் என்று இருப்பதால் இரண்டும் ஒரே சமயத்தில் வந்து, பழி ஊசி மேல் விழுகிறது. ஓட்டை கருவிலேயே இருந்தது. சொல்லப்போனால் இதயக் குறை உள்ள குழந்தைக்குத்தான் தடுப்பூசி இன்னும் அவசியம், ஒரு நிமோனியா வந்தால் தாங்காது.

முதல் குழந்தைக்கு இருந்தது, இரண்டாவதுக்கும் வருமா?

மரபணுக் காரணம் எதுவும் தெரியாத குடும்பத்தில், அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 2 முதல் 5. இரண்டு குழந்தைகளுக்கு வந்திருந்தால் இன்னும் ஏறும். தாய்க்கே பிறவிக் குறை இருந்தால் தந்தைக்கு இருப்பதைவிடச் சற்று அதிகம். 18 முதல் 22 வாரத்துக்குள் குழந்தையின் இதயத்தைத் தனியாக ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆர்.கே. கான் மருத்துவமனையிலோ ஃபீனிக்ஸ் மகாத்மா காந்தி மருத்துவமனையிலோ ஆரம்பித்து, தேவைப்பட்டால் கேட்டோ மேனரில் இருக்கும் இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மத்திய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்கு இருந்து மற்றவர்களுக்கு இல்லாமல் போவதுதான் வழக்கம். 1967 டிசம்பரில் கேப்டவுனில் உலகின் முதல் இதய மாற்று அறுவை செய்த கிறிஸ்டியான் பர்னார்டின் சகோதரன் ஒருவன் நீலக் குழந்தையாகப் பிறந்து சின்ன வயதிலேயே இறந்தவன்.

தொண்டை வலியிலிருந்து இதய நோய் வருமாமே, அதுவும் இதுதானா?

இல்லை, அது வேறு. தொண்டையில் வரும் ஒரு பாக்டீரியா தொற்றுக்குச் சரியாக மருந்து கொடுக்காமல் விட்டால், சில பிள்ளைகளுக்கு மூட்டு வீங்கும் காய்ச்சல் வந்து வால்வுகள் கெட்டுப்போகும். 5 முதல் 15 வயதுக்குள் அதிகம். பிறவியில் வருவது இல்லை, பெனிசிலின் கொடுத்தால் தடுக்க முடிவது. நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. "எனக்கும் சின்ன வயதில் இதயத்தில் பிரச்சினை" என்று பாட்டி சொன்னால் இரண்டில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், குடும்ப வரலாறு எழுதும்போது டாக்டருக்கு அந்த வித்தியாசம் தேவை.

சரி, கிளினிக்கில் முதல் நாள் என்ன சொல்ல வேண்டும்?

கேட்டால் சொல்லலாம் என்று இருக்காதீர்கள், வரிசை நீளம், சிஸ்டருக்கு நேரம் இல்லை. நாள் தள்ளியதும் போங்கள், மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். உங்களுக்கோ கணவருக்கோ அவர்கள் பெற்றோர், கூடப்பிறந்தவர்களுக்கோ பிறவி இதயக் குறை உண்டா, நீங்கள் இருவரும் சொந்தமா, சர்க்கரை, வலிப்பு, ரத்த அழுத்தம், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் லூபஸ் என்ற வியாதி இருக்கிறதா (லூபஸில் சில தாய்மாரின் எதிர்ப்புப் பொருள் குழந்தையின் இதயத் துடிப்பையே மெதுவாக்கிவிடும்), இரட்டைக் குழந்தையா, முந்தைய குழந்தை இறந்திருக்கிறதா, இவற்றை நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் ஞாபகம் இல்லையென்றால் டப்பாக்களை அப்படியே ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். மாமியார் கூட வருகிறார், அவர் முன்னால் சொல்ல முடியாத விஷயம் ஏதாவது இருந்தால், உள்ளே தனியாகத்தான் வருவேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சிஸ்டர் மற்றவரை வெளியே உட்காரச் சொல்வார்.